பினாங்கில் பிட்டுக் கேட்ட நால்வர்

கல்லடியிலிருந்து:

நண்பர்களுடன் வெளிநாட்டு நகரமொன்றுக்குப் போய் உண்டதையும் கண்டதையும் எழுதும்படி கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் நால்வர் 2024 ஆகஸ்டில் மலேசியாவின் பினாங்குத் தீவுக்குச் சென்று, ஜோர்ஜ் டவுன் நகரத்தில் ஐந்து நாட்கள் தங்கியிருந்தோம். உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலிருந்து தள்ளிப்போட்டு வந்த பயணம் அது. ஒருவர் ஆரையம்பதி, ஒருவர் காத்தான்குடி, ஒருவர் களுவாஞ்சிகுடி, நான் கல்லடி; எல்லாம் மட்டக்களப்புப் பக்கத்து ஊர்கள். நால்வருக்கும் நாற்பது வயது கடந்துவிட்டதால், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைவிடச் சாப்பிட வேண்டியவற்றின் பட்டியலே நீண்டு கிடந்தது.

போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரவுப் பேருந்தில் கொழும்பு, அங்கிருந்து விமானத்தில் கோலாலம்பூர், பிறகு நான்கு மணிநேரத்துக்கும் சற்றுக் கூடுதலான ரயில் பயணத்தில் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த். விசா தவிர, போய் இறங்குவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் வருகை அட்டையொன்றையும் இணையத்தில் நிரப்ப வேண்டும். களுவாஞ்சிகுடி நண்பர் அதை அடியோடு மறந்துவிட்டு, விமான நிலையத்தில் நின்றபடியே கைபேசியில் நிரப்பினார். எதிர்க்கரையிலிருந்து தீவுக்கு இரண்டு பாலங்கள் இருக்கின்றன. 1985இல் திறந்த பாலம் 13.5 கிலோமீற்றர், 2014இல் திறந்தது 24 கிலோமீற்றர். கல்லடியில் 1924ஆம் ஆண்டின் இரும்புப் பாலத்தையும், 2013இல் அதன் பக்கத்தில் திறந்த புதுப் பாலத்தையும் பார்த்துப் பழகிய எனக்கு அந்த நீளங்கள் மனக்கணக்கில் ஏறவேயில்லை. ஆனாலும் நாங்கள் பாலத்தால் போகாமல், ரயில் நிலையத்திலிருந்து நடந்து போய்ப் படகில் ஏறினோம். கால் மணிநேரத்துக்குள் அக்கரை வந்துவிட்டது. முதன்முறை போகிறவர்கள் படகிலேயே போங்கள். பழைய துறைமுக நகரமொன்றைக் கடற்பக்கமாக நெருங்கிப் பார்ப்பதற்குப் பேருந்துச் சன்னல் ஈடாகாது.

முதல்நாள் காலையில் நடந்ததை மட்டும் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் மற்ற நான்கு நாட்களும் அதன் வழியிலேயே போயின. லிட்டில் இந்தியா என்று சொல்லப்படும் தெருக்களுக்குப் பக்கத்தில், மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டி கட்டிய ஒருவர் நின்றார். பெட்டியில் 'புட்டு மாயம்' என்று ரோமன் எழுத்தில் எழுதியிருந்தது. "மச்சான், இஞ்ச பிட்டு இரிக்கிடா!" என்று ஆரையம்பதி நண்பர் வீதியைக் கடந்து ஓடினார். நாங்களும் பின்னால் ஓடி, விரலைக் காட்டி நான்கு பேருக்குக் கேட்டோம். அவர் மூடியைத் திறந்து எடுத்தது இடியப்பம். மெல்லிய வெள்ளை இடியப்பம் மூன்றைத் தாளில் வைத்து, பக்கத்தில் ஒரு பிடி தேங்காய்ப்பூவும் ஒரு கரண்டி பழுப்புச் சீனியும் போட்டுச் சுருட்டி நீட்டினார். சொதி இல்லை, சம்பல் இல்லை, கறி இல்லை. மட்டக்களப்புக்குப் போனால் மந்திரம் செய்து பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று மற்ற ஊரார் எங்களைக் கேலி செய்வது உங்களுக்குத் தெரியும். காத்தான்குடி நண்பர் தாளைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "நம்மட ஊரத்தான் மந்திரம் மாயம் எண்டு சொல்றானுகள். இஞ்ச பிட்டையே மாயம் செஞ்சி இடியப்பமாக்கி வெச்சிரிக்காங்க" என்றார். தெருவோரத்தில் நின்று சிரித்த சிரிப்பில் ஒருவர் தேங்காய்ப்பூவைக் கொட்டியும்விட்டார். ஆனால் சூட்டில் சீனி இளகி, தேங்காய்ப்பூவோடு சேர்ந்து இடியப்பத்தின் நூல்களுக்கிடையில் இறங்கியபோது, யாரும் சொதியைத் தேடவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

அன்று முதல், எங்களுக்குத் தெரிந்த பெயரைத் தாங்கிய உணவுகளையே தேடிக் கேட்பது ஒரு விளையாட்டாகிவிட்டது. அந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சம்பல் என்கிறார்கள், வந்து சேர்வது தேங்காய் கண்ணிலும் படாத, அரைத்து எண்ணெயில் வதக்கிய மிளகாய்க் கூழ். அச்சார் என்கிறார்கள், அது நம்முடைய அச்சாறுக்கு ஒன்றுவிட்ட சகோதரம், நிலக்கடலைத் தூளும் எள்ளும் தூவியது. நாசி கோரெங் என்ற பொரித்த சோறு நம்மூர்ச் சாப்பாட்டுக் கடைகளின் விலைப்பட்டியலில் எப்போதோ குடியேறிவிட்டது; அதன் தாய்வீடு இந்தப் பக்கம்தான். பச்சை நிறத்தில் புழுப்போல நெளியும் மாத்துண்டுகளைத் தேங்காய்ப்பாலிலும் பனைவெல்லப் பாகிலும் மிதக்கவிட்டு, மேலே துருவிய பனிக்கட்டியைக் குவித்துத் தரும் செண்டோலை நாங்கள் முன்பு கண்டதில்லை. ஆனால் முதற்கரண்டியிலேயே ஒரு மணம் பிடிபட்டது. ரம்பை! இறைச்சிக் கறிக்குத் தாளிக்கும்போது நாம் போடுகிற அதே இலையைப் பிழிந்துதான் அந்தப் பச்சையையும் வாசத்தையும் எடுக்கிறார்கள். ரம்பையை இனிப்பில் போடலாம் என்பது நாற்பது வருடமாக எங்களுக்குத் தோன்றாமல் போனதே என்று களுவாஞ்சிகுடி நண்பர் மனம் நொந்தார்.

அதே நண்பர் வெள்ளிக்கிழமையில் மரக்கறி தவிர வேறெதுவும் தொடாதவர். அந்த வெள்ளி இரவு கடைகள் நிரம்பிய திறந்த முற்றமொன்றில் உட்கார்ந்தோம். அங்கே ஒரு கடை ஓர் உணவை மட்டுமே செய்யும். நாம் மேசையில் இருந்துகொண்டு ஐந்து கடைகளில் சொல்லிவைக்கலாம். குடிப்பதற்கு மட்டும் இடத்துக்குச் சொந்தமான கடையில் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்பது எழுதாத சட்டம். ஒரு பலகையில் 'கங்குங்' என்று கண்டதும், இது நம்முடைய கங்குன் கீரை, இதில் என்ன தவறு வரப்போகிறது என்று துணிந்து கேட்டார். வந்தது கங்குன்தான். இரண்டு வாய் உண்ட பிறகுதான், அந்தக் கரிய மசாலா புளிக்க வைத்த இறாலிலிருந்து செய்யும் பெலாச்சான் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னார். நண்பர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எதுவும் பேசாமல் ஒரு கோப்பை பால் கலக்காத தேநீர் குடித்தார். சைவ உணவுக்காரர்கள் கவனிக்கவும்: அங்கே கீரையின் பெயர் கீரையோடு சேர்ந்தது எது என்பதைச் சொல்லாது.

நாசி கண்டாரைப் பற்றி எழுதாவிட்டால் காத்தான்குடி நண்பர் என்னை ஊருக்குள் விடமாட்டார். நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் காவுவது. துறைமுகத் தொழிலாளருக்குத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் காவுதடியின் ஒரு பக்கத்தில் சோறும் மறுபக்கத்தில் கறிகளுமாகச் சுமந்து விற்றதிலிருந்து வந்த பெயர். இப்போது காவுதடி இல்லை. நீண்ட உலோகத் தட்டுகளில் ஆட்டிறைச்சி, கோழி, மீன்தலை, கணவாய், வெண்டிக்காய் என்று வரிசையாக இருக்கின்றன. நாம் சுட்டிக்காட்டுவதைச் சோற்றில் வைத்துவிட்டு, கறியை ஊற்றுவதற்கு முன் 'பஞ்சிர்' வேண்டுமா என்று கேட்பார்கள். பஞ்சிர் என்றால் வெள்ளம். நான்கைந்து கறிகளின் குழம்பை ஒன்றன்மேல் ஒன்றாகச் சோறு மூழ்க ஊற்றுவதற்கு அந்தப் பெயர். மார்கழி மாதத்தில் வெள்ளம் பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்தச் சொல்லை விளக்கத் தேவையிருக்கவில்லை. நண்பர் ஒவ்வொரு நாளும் பஞ்சிர் கேட்டார். அந்தக் கடைக்காரர்களைப் பொதுவாக 'மாமாக்' என்கிறார்கள். நம்முடைய 'மாமா'தான் அப்படி ஆனது என்பார்கள். நண்பர் அதை நம்பி, கல்லாவில் இருந்த பெரியவரை "மாமா" என்றே கூப்பிட்டார். அவர் "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டு, சிலோன் என்றதும் இன்னொரு முட்டையை வைக்கச் சொன்னார். "தேத்தண்ணி" என்று நாங்கள் கேட்டதும் மறுபேச்சில்லாமல் விளங்கியது.

சார் குவே தியாவ் என்ற தட்டை அரிசி நூடில்ஸ்தான் என்னுடைய வாக்கு. சமைப்பவர் நான்கு தட்டை ஒன்றாகப் போடமாட்டார்; எத்தனை பேர் காத்திருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்று. புகை எழும்பும் தாச்சியில் உள்ளி, நூடில்ஸ், கறுத்த சோயா, இறால், எல்லாவற்றையும் ஓரத்துக்கு ஒதுக்கி நடுவில் முட்டை, பிறகு முளைப்பயறு, இறக்குவதற்குச் சற்றுமுன் மட்டி. மட்டி பாதி வெந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அடி பிடிக்கும் கணத்துக்கு ஒரு கணம் முன்னால் இறக்குகிற அந்தக் கைதான் உணவு. ஆனால் பல கடைகளில் பன்றிக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். முஸ்லிம் நண்பர் கூட இருக்கும்போது நாங்கள் மூவர் மட்டும் சுவைத்துவிட்டு வருவது சரியல்ல என்று தோன்றியதால், கொழுப்பில்லாத ஹலால் கடையொன்றைக் கண்டுபிடிக்க அரைநாள் நடந்தோம். அந்த நடையில்தான் நகரத்தையே பார்த்தோம். 2012இல் லித்துவேனிய ஓவியர் ஏர்னஸ்ட் சக்காரேவிச் சுவர்களில் வரைந்த ஓவியங்கள், கடலுக்குள் மரக்கால்களில் நிற்கும் சீனக் குலத்தவரின் வீடுகள் எல்லாம் இடைவழியில் வந்தவை. அந்த மரப்பாலத்து வீடொன்றின் முன்னால் ஒரு கிழவி இறால் கோது உரித்துக்கொண்டிருந்தார். எங்கள் வாவிக்கரைப் பெண்கள் செய்வதுபோலவே தலையை முறுக்கிக் கழற்றினார்.

கடைசியாக ஒன்று. அமிர்தகழி மாமாங்கத்தில் ஆகஸ்ட் 4ஆம் திகதி ஆடி அமாவாசைத் தீர்த்தமாடி, அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டே நான் புறப்பட்டிருந்தேன். அதே அமாவாசையில் சீனர்களின் ஏழாம் மாதமும் தொடங்கியிருந்தது என்பது அங்கே போன பிறகே தெரிந்தது. அந்த மாதம் முழுவதும் இறந்தவர்கள் பசியோடு திரும்பி வருவார்களாம். ஒரு சந்தியில் கடதாசியால் செய்த பேருருவமொன்று நின்றது. காலடியில் தோடம்பழம், சோறு, வாத்து, பிஸ்கட் பெட்டிகள். எதிரே மேடையில் பாட்டு. முன்வரிசைக் கதிரைகள் வெறுமையாக இருந்ததால் உட்காரப் போன ஆரையம்பதி நண்பரை ஓர் இளைஞர் பணிவாகத் தடுத்தார். அந்த வரிசை வந்திருப்பவர்களுக்கு உரியது. நாங்கள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் அறைக்கு நடந்தோம்.

கல்முனையிலிருந்து:

சகோதரரின் அனுபவத்தை வாசித்ததும் எங்களுடைய பயணம் கண்முன் வந்தது. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் ஒன்றாகப் படித்த தோழியர் மூவர், ஊரில் வாடை மழை கொட்டிக்கொண்டிருந்த டிசம்பரில், அதே நகரத்துக்குப் போயிருந்தோம்.

அவர் அசாம் லக்சாவைத் தொடாமல் விட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது. மீனை அவித்து உதிர்த்து, புளி, அன்னாசி, புதினா, இஞ்சிப் பூவின் மொட்டு எல்லாம் சேர்த்த புளிப்புக் குழம்பில் தடித்த அரிசி நூடில்ஸைப் போட்டுத் தருவார்கள். என் தோழி ஒரு கரண்டி குடித்துவிட்டு, "இது நம்மட புளியாணம்தானே, உள்ளுக்கு நூடில்ஸ் கிடக்குது" என்றாள். அதில் புளியோடு காய்ந்த அசாம் துண்டுகளையும் போடுகிறார்கள். பார்த்தால் நம்முடைய கொறுக்காயின் உறவு என்று உடனே தெரியும். இறுதியில் ஒரு கரண்டி கறுத்த இறால் கூழ் ஊற்றுவார்கள். முதல் தடவை அதை வேண்டாம் என்றேன்; இரண்டாம் தடவை நானே கேட்டு வாங்கினேன்.

இன்னொன்று காயா. முட்டை, தேங்காய்ப்பால், சீனி, ரம்பை சேர்த்து மெல்லிய நெருப்பில் துழாவி எடுத்த பசை. வாட்டிய பாணில் வெண்ணெயோடு தடவித் தருகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால், கித்துள் வெல்லம் போடாத வட்டிலப்பத்தைப் பாணில் பூசியதுபோல இருக்கிறது. வட்டிலப்பம் மலாய் மக்களோடு இலங்கைக்கு வந்தது என்று உம்மா சொல்லுவார். அந்தக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அதை நான் மறுக்கவில்லை.

காப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ளுஹர் தொழக் கிடைத்தது. 1801இல் தமிழ் முஸ்லிம் வணிகரான காதர் முகைதீன் கட்டுவித்த பள்ளி அது. வெள்ளைச் சுவர்களும் பெரிய கறுத்தக் குவிமாடமும் தூரத்திலேயே தெரியும். பள்ளியின் தெருவில் நடந்தால் சீனர்களின் கருணைத் தெய்வக் கோயில், 1818இல் கட்டிய சென் ஜோர்ஜ் தேவாலயம், பக்கத்துத் தெருவில் 1833ஆம் ஆண்டின் மகாமாரியம்மன் கோயில் என்று எல்லாம் சில நிமிட நடைக்குள் வந்துவிடுகின்றன. கல்முனையில் பாங்கோசையும் கோயில் மணியும் ஒரே நேரத்தில் கேட்டு வளர்ந்த எங்களுக்கு அது புதுமையாகத் தெரியவில்லை. கூட வந்த ஐரோப்பியப் பயணிகள்தான் படமெடுத்துத் தள்ளினார்கள்.

ஒரு மனக்குறையும் உண்டு. நாங்கள் தங்கிய விடுதியில் காலைச் சாப்பாடு ஹலால் என்று பதிவின்போது எழுதியிருந்தார்கள். போய்க் கேட்டபோது சமையற்காரரால் அதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மூன்று நாளும் கட்டிய பணத்தை விட்டுவிட்டு வெளியேதான் சாப்பிட்டோம். முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கரைப்பற்றிலிருந்து:

நான் ஓய்வுபெற்ற பிறகு பழைய சக ஆசிரியர்களோடு போனவன். எங்கள் வயதில் சாப்பாட்டைவிட முழங்கால்தான் பேசுபொருள். தண்ணீர்மலையின் அருள்மிகு பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். காலை ஏழு மணிக்கே ஏறத் தொடங்கி, இடையிடையே இருந்து, ஒரு மணிநேரத்தில் மேலே போனோம். வெயில் ஏறிய பிறகு இதைச் செய்ய நினைக்காதீர்கள். பினாங்கு மலைக்கு ஏறுவது சுகம். 1923 முதல் ஓடுகிற இழுவை ரயில் நின்ற நிலையிலேயே கொண்டுபோய் விடுகிறது. வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம் என்று ஒரு நண்பர் முணுமுணுத்தார். சிகிரியாவில் நாம் வெள்ளைக்காரரிடம் வாங்குவதை நினைத்துப் பார் என்றேன், அடங்கிவிட்டார். மலையுச்சியில் பின்னேர மழையில் அகப்பட்டு, ஒரு குடைக்குள் மூவர் நின்றோம். கீழே இறங்கி, குளிருக்குச் சாதிக்காய்ச் சாறு வேண்டாம், சுடச்சுட ஏதாவது தா என்று கேட்டது நினைவிருக்கிறது. கெக் லோக் சி விகாரையின் ஏழடுக்குக் கோபுரத்தையும் பாருங்கள்: அடி சீனப் பாணி, நடு தாய்லாந்துப் பாணி, முடி பர்மியப் பாணி. ஒரே கோபுரத்தில் மூன்று நாட்டுக் கொத்தனார் சண்டையில்லாமல் முடித்திருக்கிறார்கள்.

வாழைச்சேனையிலிருந்து:

கல்லடி அண்ணன் மன்னிக்க வேண்டும். சார் குவே தியாவ் விடயத்தில் நான் உடன்படவில்லை. நானும் இரண்டு வருடத்துக்கு முன் கூட்டாளிகளோடு போய், எல்லோரும் புகழ்ந்த கடையொன்றில் ஒன்றேகால் மணிநேரம் வரிசையில் நின்றேன். சுவை நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு வாழைச்சேனைச் சந்தியில் இரும்புத் தகட்டில் இரண்டு கொத்துத் தகடுகளும் தாளம் போடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, ரொட்டியும் முட்டையும் கோழிக்கறியும் ஒன்றாகிற கொத்தைச் சாப்பிட்டவனுக்கு, அந்தச் சிறிய தட்டு பசியைக் கிளப்பிவிட்டுப் போய்விட்டது. என்னுடைய கூட்டாளி வெளிப்படையாகவே, "இதுக்குத்தானா மச்சான் பாஸ்போட் எடுத்தம்?" என்று கேட்டான். சுவரோவியங்களும் அப்படித்தான். சைக்கிளில் போகும் இரு பிள்ளைகளின் ஓவியத்துக்கு முன்னால் நின்று படமெடுப்பதற்கு வரிசை. வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் ஓவியத்தைப் பார்க்கவேயில்லை. எனக்குப் பிடித்தது, யாருடைய பட்டியலிலும் இல்லாத பின்தெரு நடையும், வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரைச் சுவரில் இருந்து சாப்பிட்ட பலாக்காய்ப் பொரியலும்தான். ஒரு கேள்வி: ஐந்து நாளுக்குச் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு வந்தது என்று அண்ணன் எழுதினால் மற்றவர்களுக்கு உதவும்.

கல்லடியிலிருந்து மீண்டும்:

தம்பி, கொத்தோடு எதையும் போட்டிக்கு விடமாட்டேன். தாச்சியில் வேகிறதும் தகட்டில் கொத்துப்படுகிறதும் வேறு வேறு. ஆனால் ஒன்றேகால் மணிநேர வரிசையில் நின்று சாப்பிட்டால் எனக்கும் எதுவும் பிடிக்காது. நாங்கள் நின்ற ஹலால் கடையில் எங்களுக்கு முன்னால் இருவர்தான்.

செலவு: நாங்கள் போனபோது ஒரு ரிங்கிட் ஏறத்தாழ 70 ரூபாவை ஒட்டி நின்றது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 40 ரிங்கிட்டுக்குள் மூன்று வேளையும், செண்டோலும், இடையிடையே தேத்தண்ணியும் அடங்கிவிட்டன. காத்தான்குடி நண்பருக்கு மட்டும் பஞ்சிரால் கொஞ்சம் கூட.

கல்முனைத் தங்கச்சி எழுதிய லக்சாவைச் சாப்பிடாமல் வந்தது உண்மையிலேயே பெரிய விடுபடல்தான். அதற்காக இன்னொரு முறை போகலாம் என்று காத்தான்குடி நண்பரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், அவர் மறுக்கவில்லை.

வரும்போது ஒரு கிலோ தொதல் வாங்கி வந்தேன். அரிசிமா, தேங்காய்ப்பால், பனைவெல்லம். கறுப்பும் மினுமினுப்பும் எல்லாம் நம்முடையதேதான், பெயரும் தொதோல். வீட்டில் வெட்டி வைத்தபோது அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு மென்று பார்த்துவிட்டு, "இது காத்தான்குடியில வாங்கினதுதானே மனே, என்னட்டப் பொய் சொல்லாத" என்றார்.